ஓடி முடித்த பின் அரை மணி நேரம்

பந்தயம் முடிந்ததும் வருகிற அரை மணி நேரம் என் பொறுப்பு என்று அண்ணன் சந்தோஷ்குமார் சொல்லியிருந்தான். குதிரை வண்டி ஓட்டுவது அவன் வேலை. ஓடி வந்த சிட்டுவை நடத்தி, உடம்புச் சூட்டை ஆற்றி, நாடியை எண்ணி எழுதுவது என் வேலை. பகலில் முட்டைக் குடோனில் அட்டை அடுக்குகிறேன். மாலையில் நாமக்கல்லில் நர்சிங் உதவியாளர் வகுப்பு. நாடி எண்ணக் கற்றது அங்கேதான், மனிதர்களின் மணிக்கட்டில். குதிரைக்குத் தாடை எலும்பின் கீழ் விளிம்பில் விரல் வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தவர் கால்நடை டாக்டர் அமுதவல்லி.

சிட்டு எட்டு வயதுப் பெண் குதிரை. தை மாதப் பந்தயத்தில் ஓடிவிட்டு வந்து நின்ற இடத்திலேயே நடுங்கியது. டாக்டர் மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"இனி ஓட்டாம இருந்தா நல்லது. ஓட்டித்தான் ஆவீங்கன்னா, முடிஞ்சதும் சட்டுன்னு நிறுத்தக் கூடாது. மெதுவா ஓட விட்டு, அப்பறம் நடத்தணும். நிக்காம தண்ணி ஊத்தணும். அரை மணியில நாடி அறுபதுகிட்ட வந்துரணும். எழுபதைத் தாண்டுச்சுன்னா உடனே கூப்பிடு. எங்க இருந்தாலும் வேலையப் போட்டுட்டு வந்தர்றேன். இல்லைன்னா இது தாங்காது."

அதை அப்படியே நோட்டில் எழுதி வைத்தேன். எழுதியதை டாக்டரிடம் படித்தும் காட்டினேன். எனக்கு என் மேல் அவ்வளவுதான் நம்பிக்கை.

மாரியம்மன் நோம்பிக்கு மோகனூர் ரோட்டில் எட்டு மைல் பந்தயம். சிட்டு எல்லைக் கோட்டைத் தாண்டியபோது மணி 8.40. முதலிடம். எல்லையிலிருந்து வாய்க்கால் பாலம் வரை மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்புவதாகப் பேசி வைத்திருந்தோம். ஆனால் மேடையைக் கோட்டுக்குப் பக்கத்திலேயே போட்டிருந்தார்கள். கூடவே விரட்டி வந்த பைக்குகள் முன்னால் போய் ரோட்டை அடைத்துக்கொண்டன. அண்ணன் கடிவாளத்தை இழுத்தான். சிட்டு நான்கு கால்களும் தேய நின்றது.

"அண்ணா, நிறுத்தாத. பாலம் வரைக்கும் ஓட்டிட்டு வா."

"ஒரே நிமிசம் பாப்பா. போட்டோ எடுத்துக்கறாங்க."

நான் பிறந்ததிலிருந்து அவனுக்குப் பாப்பாதான். சொன்னதை இன்னொரு முறை உரக்கச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பொன்னாடை போர்த்தி, கோப்பை கொடுத்து, ஆளாளுக்கு சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்து முடிக்க ஒன்பது நிமிடம். அவ்வளவு நேரமும் அது நின்றபடியே இருந்தது. வயிறு துருத்தி போல ஏறி இறங்கியது.

வண்டியை அவிழ்த்துக் கடிவாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு போனான் அண்ணன். வேப்ப மரத்தடியில் இரண்டு கேன் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தேன். ஒரு சொம்பு எடுத்துக் கழுத்தில் ஊற்றியதும் பெரியப்பா தங்கசாமி கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் அம்மிணி, ஊசி போடப் படிக்கிற புள்ளைக்கு இந்த வைத்தியம் எதுக்கு? சூட்டோட தண்ணி ஊத்துனா நரம்பு இழுத்துக்கும். முப்பது வருசமா குதிரை வெச்சிருக்கறன்."

"டாக்டரம்மா ஊத்தச் சொன்னாங்க பெரியப்பா."

"அவங்க ரேஸ்ல ஓட்டியிருக்கறாங்களா?"

"இது போதும்" என்று ஈரச் சாக்கு ஒன்றை எடுத்து சிட்டுவின் முதுகில் போர்த்தினார். சொம்பைக் கீழே வைத்தேன். நடத்தினேன். சிட்டுவின் பின்னங்கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டே வந்தன.

9.10. தாடைக்குக் கீழே விரல் வைத்தேன். பதினைந்து நொடிக்கு இருபத்து நாலு. நாலால் பெருக்கினால் தொண்ணூற்றாறு. எழுதினேன். மறுபடி எண்ணினேன். இருபத்தைந்து.

இருபதடி தள்ளி மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதை மைக் செட்டில் வேறு போட்டிருந்தார்கள். அடி ஒவ்வொன்றும் தரை வழியாகக் காலுக்கு ஏறியது.

"எவ்வளவு?" என்றார் பெரியப்பா.

"தொண்ணூத்தி ஆறுங்க."

"நீ குதிரைய எண்றயா, மேளத்த எண்றயா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் என் முன்னால் விரலை ஆட்டித் தாளம் போட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்ற ஆரம்பித்தது. வகுப்பில் கூட முதல் மாதம் பக்கத்துப் பெண்ணின் நாடிக்குப் பதில் என் கட்டைவிரலின் நாடியையே எண்ணியவள் நான். அதனால் முறையாகச் செய்ய நினைத்தேன். மேளத்தோடு சேர்ந்து விழுந்த துடிப்புகளை விட்டுவிட்டு, தனியாக விழுந்தவற்றை மட்டும் எண்ணினேன். பதினாறு. அறுபத்து நாலு. தொண்ணூற்றாறின் மேல் கோடு போட்டு, கீழே அதை எழுதினேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன்.

"சேந்தமங்கலம் பக்கம் போயிட்டிருக்கறேன், ஒரு எருமை கன்னு போட முடியாம கெடக்குது. சொல்லு, எவ்வளவு?"

"அறுவத்தி நாலுங்க."

"நெசமாவா? பரவாயில்லயே. நடத்திட்டே இரு. இதை முடிச்சுட்டு வாரேன்."

9.22. மற்றப் பரிசுகளை அறிவிக்க மேளத்தை நிறுத்தினார்கள். ஓரிரு நொடி எதுவுமே கேட்கவில்லை. சிட்டுவின் மூச்சு மட்டும். விரல் வைத்தேன். இருபத்தாறு. நூற்று நாலு. இந்த முறை மேளம் இல்லை.

டாக்டரின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. எட்டு முறை முயன்றேன். சாக்கை இழுத்து எறிந்துவிட்டுத் தண்ணீரைச் சொம்பு சொம்பாக ஊற்றினேன். சாக்கு இருந்த இடம் தொட முடியாதபடி கொதித்தது. யாரும் தடுக்கவில்லை. 9.31க்கு அதன் முன்னங்கால்கள் மடிந்தன.

அண்ணன் ஓடி வந்து அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். பெரியப்பாவே மிச்சத் தண்ணீரைக் கேனோடு தூக்கிக் கவிழ்த்தார். யார் யாரோ போன் செய்தார்கள். டாக்டர் வந்து இறங்கியபோது 10.20. சிட்டுவின் மூச்சு அடங்கி ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

அவர் மண்டியிட்டுக் கண்ணைத் திறந்து பார்த்தார். ஈறுகளை விரலால் அழுத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அறுபத்து நாலுன்னுதான சொன்னே?"

நோட்டை நீட்டினேன். அவர் படித்தார். திருப்பித் தரும்போது அண்ணன் கை நீட்டி வாங்கிக்கொண்டான். பொன்னாடை இன்னும் அவன் தோளில் இருந்தது.

"எது நெசம்?"

"மேல இருக்கறது."

"அப்பறம் எதுக்கு மாத்துன?"

"எனக்கு எண்ணத் தெரியலையோன்னு நெனச்சேன்."

அவன் திட்டியிருந்தால் பெரியப்பாவைக் காட்டியிருப்பேன். மேளத்தை, கூட்டத்தை, அந்த ஒன்பது நிமிடத்தைச் சொல்லியிருப்பேன். மனதுக்குள் எல்லாம் வரிசையாகத் தயாராக இருந்தது. அவன் திட்டவில்லை. நோட்டை மூடி என்னிடம் கொடுத்தான்.

"பிரவீனா, குழி தோண்ட ஜேசிபிக்குச் சொல்லச் சொல்லு பெரியப்பாகிட்ட."

அவன் வாயிலிருந்து என் பெயரை அதுவரை நான் கேட்டதில்லை. போய்ச் சொன்னேன்.