நான் வரைந்த கண்

பெங்களூர் தண்டில், அதாவது பட்டாளத்துக் கண்டோன்மென்டில், ஒரு போட்டோ ஸ்டுடியோவில் இருபது வருஷத்துக்கு மேல் ரீடச் வேலை பார்த்தவன் நான். ரீடச் என்றால் என்ன என்று யாராவது கேட்டால், கடவுள் அவசரத்தில் விட்டுவிட்டுப் போனதைச் சரிபண்ணுகிற வேலை என்பேன். அப்போது அப்படி ஒரு திமிர் எனக்கு. இப்போது யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் அப்படிச் சொல்லமாட்டேன்.

கண்ணாடி நெகட்டிவ்வைச் சாய்வு மேஜையில் வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரவிட்டு, ஊசிபோல் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்தால் அம்மைத் தழும்பு மறையும். படத்தில் கறுப்பு வேண்டிய இடத்தில் கத்தி நுனியால் கண்ணாடிமேல் பூசிய மருந்தைச் சுரண்ட வேண்டும். சுரண்டும்போது மூச்சு விடக்கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற படமென்றால் பிளாக்பள்ளியிலிருந்தும் அல்சூரிலிருந்தும் என்னைத் தேடித்தான் வருவார்கள். மாறுகண்ணை நேராக்குவேன், தெற்றுப்பல்லை உள்ளே தள்ளுவேன். கல்யாணத்துக்குப் பிறகு நடந்ததற்கெல்லாம் நான் ஜவாப்தாரி இல்லை.

என் தங்கை அல்போன்சாவுக்கு ஐந்து வயதில் அம்மை போட்டது. உயிர் பிழைத்தாள், இடது கண் போய்விட்டது. அந்தக் கண்ணில் பாலாடை படிந்ததுபோல வெள்ளை, முகம் முழுக்கத் தழும்பு. மிச்சமிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு அவள் போட்ட பூத்தையலை இரண்டு கண் உள்ளவள் ஒருத்தியும் போட்டு நான் பார்த்ததில்லை. தையல் டீச்சர் பரீட்சையும் பாஸ் செய்தாள். நான்கு பள்ளிக்கூடங்களில் வேலை கேட்டுப் போனாள். நான்கிலும் தையலைப் புகழ்ந்துவிட்டு, சின்னப் பிள்ளைகள் பயந்துகொள்ளும் அம்மா என்று அனுப்பிவிட்டார்கள். ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து துரைசானிகளின் மேஜை விரிப்புகளுக்குப் பூப்போட்டுக் கொடுத்தே முப்பத்தொரு வயதாகிவிட்டது அவளுக்கு.

இடையில் ஒருமுறை நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். அவள் படத்தைச் சரிபண்ணி, அவளுக்குத் தெரியாமல் கோலார் தங்கவயலில் ஒரு மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். அவன் வந்தான், பார்த்தான், காபியைக் குடித்தான், போனான். அவள் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, இனிமேல் உன் ஸ்டுடியோ வாசலை மிதிக்கமாட்டேன் என்றாள். அப்படியே இருந்தாள், எட்டு வருஷம்.

முப்பத்தொன்பதாம் வருஷம் ஆரம்பத்தில் ஆப்பிரிக்காவில் மொம்பாசாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்பு இங்கே அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியாஸ்திரி ஒருவர் அங்கே ஒரு மடத்துக்குத் தலைவியாகியிருந்தார். எங்கள் பள்ளிக்கூடத்துக்குத் தையல் டீச்சர் வேண்டும், உன் முகம் எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது, பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள், செப்டம்பருக்குள் வந்து சேர் என்று எழுதியிருந்தார். அந்த ஊரில் இறங்குவதற்கான அனுமதிக்கும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். இப்படி இருக்கிற அவளை இப்படியே வேண்டுமென்று கேட்டது உலகத்தில் அந்த ஒரு இடம்தான். அல்போன்சா அந்தக் கடிதத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

பாஸ்போர்ட் பாரத்தை அவளே எழுதினாள். உயரம், தலைமுடியின் நிறம் எல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் பார்த்தவுடன் தெரியும் அடையாளங்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. கன்னத்தில் மச்சம் என்று போட்டால் போதும் என்றேன். அவள் காதில் வாங்காமல், இடது கண்ணில் பார்வை இல்லை, முகத்தில் அம்மைத் தழும்பு என்று மணிமணியாக எழுதினாள்.

படத்துக்காக ஸ்டுடியோ வாசலை மிதித்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கேமராவை நேராகப் பார்த்தாள். இடது கண் மறைகிற மாதிரி முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொன்னேன், திருப்பவில்லை. எழுந்து போகும்போது என் மேஜையருகே நின்றாள்.

"அண்ணா, இதுல கை வைக்காத. இருக்கிறது இருக்கிற மாதிரியே இருக்கட்டும்."

சரி என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இரண்டு நாள் அந்த நெகட்டிவ்வைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. மூன்றாம் நாள் பிரிண்ட் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். நெகட்டிவ்வில் வெள்ளையெல்லாம் கறுப்பாகத் தெரியும், அந்தக் கண் கரித்துண்டாக இருந்தது. எந்தெந்த ஊரிலோ முன்பின் தெரியாத துரைகள் இதைப் பிரித்துப் பார்த்து ஐயோ பாவம் என்பார்களே, என் தங்கையை எவனும் அப்படிச் சொல்லக்கூடாது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் என்பதுதான் சரி. உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது. ஊரார் முகத்தையெல்லாம் திருத்துகிறவன் கையிலிருந்து இப்படி ஒரு முகம் வெளியே போவதா?

பென்சிலை எடுத்தேன். தழும்புகள் அரைமணியில் போயின. பிறகு கத்தி. வலது கண்ணைப் பார்த்துப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது கண்ணில் ஒரு கண்பாப்பாவைச் சுரண்டி எடுத்தேன். அதன் ஓரத்தில் வெளிச்சப் புள்ளி ஒன்றையும் விட்டேன். என் ஆயுளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

படத்தின் பின்பக்கத்தில் இது இன்னாருடைய சரியான சாயல்தான் என்று பெரிய மனிதர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் கோயில் சாமியாரிடம் போனேன். பூசை உடுப்பைக்கூட அவர் மாற்றியிருக்கவில்லை. படத்தின் பின்பக்கத்தை மேலே வைத்து, பிடியை விடாமல் நீட்டினேன். அல்போன்சாவுக்குத்தானே என்று கேட்டுவிட்டுப் போட்டுக் கொடுத்தார். தப்பு என்று எனக்குத் தெரியாமலிருந்திருந்தால் நான் ஏன் அப்படி நீட்டினேன்?

பாஸ்போர்ட்டை வாங்கி வந்ததும் நான்தான். நாளைக்குத் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்ல வழியில்லாதபடி, பம்பாய்க்கு ரயிலேற வேண்டிய அன்று மத்தியானம் கொடுத்தேன். அவள் பிரித்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"யாருண்ணா இது?"

சின்னப் படம், இதையெல்லாம் யார் உற்றுப் பார்க்கப்போகிறார்கள் என்றேன். டிரங்குப் பெட்டிக்குக் கயிறு கட்டியாகிவிட்டது. மூன்றாம் நாள் கப்பல். அவள் பாஸ்போர்ட்டை மூடி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பம்பாய்த் துறைமுகத்தில் நீளமான ஒரு மேஜைக்குப் பின்னால் ஓர் ஆபீசர் இருந்தார். வழியனுப்ப வந்தவர்களை அதுவரை விட்டார்கள், அதனால் நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். முன்னால் போனவர்களுக்கெல்லாம் தட் தட்டென்று முத்திரை விழுந்தது. எங்களிடம் நின்றது. அவர் அடையாளக் கட்டத்தை வாய்விட்டுப் படித்தார். படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். படத்தின் விளிம்பை நகத்தால் நெருடி, ஒட்டியதைப் பிரித்து மறுபடி ஒட்டியிருக்கிறதா என்று சோதித்தார். எழுத்து ஒருத்தியைச் சொல்கிறது, படம் வேறொருத்தியைக் காட்டுகிறது, இது எப்படி என்று இங்கிலீஷில் கேட்டார்.

எழுதியிருப்பதுதான் நான் என்றாள் அல்போன்சா. அப்படியானால் படத்தை மாற்றியது யார், எங்கே எடுத்தது என்றார். பெங்களூரில் ஒரு ஸ்டுடியோ என்றாள். யார் கொண்டுபோய்க் கொடுத்தது? அண்ணன். ஆபீசர் என் பக்கம் திரும்பினார். நல்ல மனிதர், அதை இன்றைக்கும் சொல்வேன். கப்பல் ஐந்து மணிக்குத்தான், யாராவது ஒழுங்காக விளக்கம் சொன்னால் எழுதி வாங்கிக்கொண்டு பெங்களூருக்குத் தந்தி கொடுத்துக் கேட்கிறேன் என்றார். இந்தப் படத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றார்.

மணி அப்போது பதினொன்று. நான்தான் சார் வரைந்தேன், கைப்பழக்கம் என்று நாலு வார்த்தை போதும். ஆனால் மேஜை ஓரத்தில் ஒரு போலீஸ்காரன் நின்றிருந்தான். சர்க்கார் காகிதத்தில் பித்தலாட்டம், ஜெயில், வேலை போய்விடும் என்று என்னென்னவோ மண்டைக்குள் ஓடியது.

"ஒண்ணும் தெரியாது சார்" என்றேன்.

அல்போன்சா திரும்பி அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள். அவள் நினைத்திருந்தால் அங்கேயே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம். பாஸ்போர்ட்டை விசாரணைக்கென்று எடுத்துக்கொண்டார்கள். கூலியாள் டிரங்குப் பெட்டியை மறுபடி வெளியே கொண்டுவந்து வைத்தான். ரயிலில் திரும்பி வந்தபோது ரொட்டியைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள்.

பெங்களூரில் விசாரணைக்குக் கூப்பிட்டபோது நடந்ததை அப்படியே எழுதிக் கொடுத்தேன். இங்கே தைரியம் வந்துவிட்டது எனக்கு. இங்கிருந்த ஆபீசர் படித்துவிட்டு, முட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். ஜெயிலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அதற்குள் ஜெர்மனியோடு சண்டை ஆரம்பித்துவிட்டது. கப்பல்களையெல்லாம் பட்டாளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். புதுப் படத்தை அவள் சவுத் பரேட் தெருவில் வேறொரு ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்டாள், என்னிடம் கேட்கவில்லை. புது பாஸ்போர்ட் நவம்பரில் வந்தது. அதே வாரம் மொம்பாசாவிலிருந்து கடிதமும் வந்தது. இனி எப்போது கப்பல் வரும் என்று தெரியாததால் அங்கேயே ஒருத்தியை வைத்துக்கொண்டோம், ஆண்டவருக்குச் சித்தமில்லை போலும், வருத்தப்படாதே என்று எழுதியிருந்தது.

ஆண்டவர் தலையில் போடுவதற்கு அதில் ஒன்றுமில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு அவள் ஜன்னலோரம் போய்த் தையல் சட்டத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அந்தக் கண்ணை வரைந்திருக்கக் கூடாது, என்னை மன்னித்துவிடு என்றேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

அவள் ஊசியில் நூல் கோத்து முடித்தாள்.

"கண்ணு வரைஞ்சத நான் எப்பவோ வுட்டுட்டேண்ணா. உன் கைக்கு வேற ஒண்ணும் தெரியாது. அந்த ஆபீசர் கேட்டப்போ ஒண்ணும் தெரியாதுன்னியே, என் பக்கத்துல நின்னுக்கிட்டு. அத மட்டும்தான் என்னால வுட முடியல."