மெட்ராஸுக்கு ஒன்றேகால் மணி

எனக்கு வந்த மாப்பிள்ளை மெட்ராஸ் துறைமுகத்தில் வேலை பார்த்தார். பெண் பார்க்க வந்த அன்றே எனக்குப் பிடித்துப்போனது, மறைப்பானேன். அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. பெண்ணைக் கூப்பிடு தூரத்தில் கொடுக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து போகணும். இவ காய்ச்சல்ல கெடந்தா நான் எப்பப் போயி நிக்கிறது?" என்றாள்.

என் அப்பா பூமிநாதனுக்கு இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் சோறு தண்ணி வேண்டாம். பருத்தி விலை கேட்கப் போன இடத்தில், லோடு லாரி ஒரு நாளைக்கு எத்தனை மைல் ஓடும் என்று விசாரித்துவிட்டு, விலையை மறந்து வருகிற மனிதர். ரயில் கிடக்கட்டும், ஏரோப்ளேனில் எவ்வளவு நேரம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அப்போது 1971. அருப்புக்கோட்டையில் எங்கள் தெருவில் விமானத்தைப் பக்கத்தில் பார்த்தவர்கூடக் கிடையாது. அப்பா மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறி, விமான நிலையத்து வாசலில் நின்ற காவலாளியைக் குடைந்தெடுத்துவிட்டு, பொழுது சாயத் திரும்பினார்.

"ஒன்னேகால் மணி நேரந்தான், கருத்தம்மா," என்றார் அம்மாவிடம், தானே ஓட்டி வந்தவர் போல. "ரோடு வளைஞ்சு வளைஞ்சு போகுது. அது நேரா போகுதுல்ல, தூரமே கொறஞ்சுருது. வத்தலக் காயப்போட்டுட்டு ஏறுனா, கிளறி விடுறதுக்குள்ள மெட்ராஸு."

நானும் விடவில்லை. நடுவானத்தில் மழை பிடித்துக்கொண்டால் எங்கே ஒதுங்கி நிற்பார்கள் என்று கேட்டேன்.

"ஒதுங்கவெல்லாம் மாட்டாக. மேகத்துக்கு மேல போயிருவாகளாம்."

மேகத்துக்கு மேலே என்ன இருக்கும் என்று நாங்கள் இருவரும் யோசித்துக்கொண்டிருக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"பந்தல்குடிக்கு எவ்வளவு நேரம்?"

"பஸ்ஸுல அரை மணி," என்றார் அப்பா, யோசிக்காமல்.

"நான் எங்கம்மாவப் பாத்து நாலு வருசமாச்சு."

பந்தல்குடியில் மாமா வீட்டுக் கெடாவெட்டு விருந்தில் அப்பாவை முதல் பந்திக்குக் கூப்பிடவில்லை. முறைத்துக்கொண்டு வந்தவர், தான் சொல்லாமல் அம்மா அந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றுவிட்டார். பிறகு சொல்லவே இல்லை. அம்மாவும் கேட்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது. மெட்ராஸ்காரரும் இப்படிச் சொல்கிற ஆளாக இருந்தால் என்ன செய்வேன் என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா மஞ்சள் பையில் இரண்டு சேலையை மடித்து வைத்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"பந்தல்குடிக்கு. நீங்க சொல்ற அரை மணி சரியான்னு பாத்துட்டு வாரேன்."

அப்பா விருட்டென்று எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். என்ன நினைத்தாரோ, திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

மூன்று நாள் கழித்துத்தான் அம்மா வந்தாள். அழுது வீங்கிய முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அப்பாவுக்கு, பாவம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எவ்வளவு நேரமாச்சு?"

"அரை மணிகூட ஆகல," என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இவளுக்கு மெட்ராஸே முடிங்க. ஆனா வரணும்னு தோணுனா, இவ யாரையும் கேக்காம கெளம்பி வந்துருவா. அத அந்தத் தம்பிகிட்ட இப்பவே சொல்லிருங்க."