பெரியத்தானின் ஒயில்

சரவணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வானை ஓட்டுகிறவள் நான். அதன் கியர்பொக்ஸுக்கு என்ன ஒயில் ஒத்துவரும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? கிழட்டு வான். சீலெல்லாம் காய்ந்துவிட்டது. தடிப்பான மினரல் ஒயில்தான் அதற்குள் தங்கும்.

நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி தீர்க்கக் கனடாவிலிருந்து வந்த பெரியத்தான், என் கணவரின் தமையன், பெட்டிக்குள் தண்ணீர்போல் மெல்லிய சிந்தெற்றிக் ஒயில் கொண்டுவந்தார். "உது குளிர் நாட்டுக்குச் சரி. எங்கட வானில ஒழுகிப் போகும்" என்று குசினிக்குள் என் கணவரிடம் தலைபாடாய் அடித்துக்கொண்டேன்.

"அண்ணை அவ்வளவு தூரம் சுமந்து வந்தவர். முகத்துக்கு நேர வேண்டாமெண்டு சொல்ல ஏலுமே?" என்றார் இவர். நான் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, இருந்த நல்ல ஒயிலை வடித்துவிட்டு அதை ஊற்றிவிட்டார். கொதித்தேன். ஆனாலும் வான் ஓடியது; நின்ற இடத்தில் ஒழுக்கும் தெரியவில்லை.

மகள் சர்மிதாவின் ஏ.எல். உயர்தரச் சோதனை தொடங்கிய காலை, பண்ணைப் பாலத்தில் கியர்பொக்ஸ் அலறி இறுகிப்போனது. அவ்வழியே வந்த மீன் லொறியை மறித்துப் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினேன். சர்மிதா பிந்திப் போய், கடைசிக் கேள்வி எழுதாமல் அழுதுகொண்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் வான் நிற்கும் இடத்தைக் காலால் கிளறினேன். புது மண்ணுக்கு அடியில் ஒரே ஒயில். ஒவ்வொரு விடியலும் நான் எழும்ப முன்னம் இவர் மண் போட்டு மூடியிருக்கிறார்!

"அண்ணை கண்டால் மனம் நோவாரெல்லே" என்றார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

விறாந்தையில் இருந்த பெரியத்தானிடம் நேரே போனேன். "அத்தான், உங்கட ஒயில் முழுக்க முற்றத்தில கிடக்குது. அதாலதான் பிள்ளை சோதனைக்குப் பிந்தினவள்."

அவர் திகைத்து இவரைப் பார்த்தார். "ஒழுகுதெண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே மாத்தியிருக்கலாமேடா. நான் என்ன கோவிக்கிறதே?"

இவர் சிரித்தார். "இல்லை அண்ணை, அவள் ஆத்திரத்தில கதைக்கிறாள். உங்கட ஒயில் திறமான ஒயில். பிள்ளைதான் வீட்டால வெளிக்கிடப் பிந்தினவள்."

விறாந்தை மூலையில் அடுத்த நாள் சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்த சர்மிதா, தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டாள்.