பேனலுக்குப் போர்த்திய போர்வை

என் வீட்டுக்காரருக்கு நுரையீரல் பாதிக்கு மேல் போய்விட்டது. மிச்சமிருக்கும் மூச்சை ஓர் ஆக்ஸிஜன் மெஷின்தான் இழுத்துப் பிடித்திருக்கிறது. முன்பெல்லாம் கரன்ட் போனால் ஜெனரேட்டர் போடுவோம். அந்த டீசல் புகை ஜன்னல் வழியாக வந்து அவரை இன்னும் இரும வைக்கும். காப்பாற்ற வந்ததே கழுத்தை நெரித்தது. அதனால்தான் மொட்டை மாடியில் சோலார் போட்டோம். புகையில்லை, சத்தமில்லை. பகல் வெயிலில் பேட்டரி நிரம்பும், ராத்திரிக்கும் தாங்கும். அவர் தூங்கினார், நானும் தூங்கினேன்.

இன்று காலையிலேயே கரன்ட் போய்விட்டது. நான் கண்டுகொள்ளவில்லை. வெளியேதான் வெயில் மண்டையைப் பிளக்கிறதே! ஆனால் மத்தியானம் இன்வெர்ட்டர் கத்த ஆரம்பித்தது. பேட்டரி தீரப்போகிறது என்று சிவப்பு விளக்கு. அவசரத்துக்கு வைத்திருந்த சிலிண்டரோ நிரப்பப் போயிருந்தது.

மாடிக்கு ஓடினேன். எல்லா பேனல்கள்மேலும் ஈரப் போர்வை. பக்கத்தில் வாளியும் கையுமாக என் நாத்தனார். தம்பியைப் பார்க்க முந்தாநாள் வந்தவர். எங்கள் குடும்பத்துக்கே ஹெட்மாஸ்டர்.

"என்னக்கா பண்றீங்க?"

"தொட்டுப் பாரு, அடுப்பாட்டம் கொதிக்குது. வெடிச்சுகிடிச்சுத் தொலைஞ்சா தம்பி கதி என்னாகும்? இதைக்கூட நான் வந்துதான் பாக்கணுமா?"

"ஐயோ, வெயில் பட்டாத்தானே கரன்ட்டு! அவரு மூச்சையே மூடி வச்சிருக்கீங்களே!"

போர்வைகளை உருவி எறிந்தேன். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். வயதுக்குக்கூட மரியாதை கொடுக்கவில்லை.

கீழே ஓடி வந்தால் சத்தம் நின்றிருந்தது. இன்வெர்ட்டர் கத்தல் மட்டும் நின்றதா, மெஷினும் சேர்ந்து நின்றதா? கதவைத் தள்ளினேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

"யாரைத் திட்டுன?" என்றார்.

"காக்காவை."

சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. "அக்கா எங்க?"

மறுபடி மேலே போனேன். நாத்தனார் முந்தானையால் பேனல்களில் ஒட்டியிருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்லக்கா. கீழ வாங்க."

"நீ வராம இருந்திருந்தா?"

கையைப் பிடித்துக் கூட்டி வந்தேன். ஒவ்வொரு படியிலும் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று இறங்கினார். இந்தக் காலோடுதான் தம்பிக்காக வாளித் தண்ணீரைச் சுமந்து ஏறியிருக்கிறார்.