மரவீட்டில் முதல் சண்டை

ஹேமநாத்துக்கும் கௌசிகாவுக்கும் கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சத்தியவேட்டில் குடியிருந்தார்கள். இருவருக்கும் ஆந்திர எல்லையிலுள்ள ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில்தான் வேலை. ஆனால் கம்பெனி வேறு, வார விடுமுறையும் வேறு. அவனுக்கு நைட் ஷிஃப்ட். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வரும்போது அவள் தன் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். குழம்பு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போவாள். சண்டையே போடாத ஜோடி என்று இரண்டு வீட்டாரும் பெருமைப்பட்டார்கள்.

பொங்கல் கழிந்து இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. திருப்பதிக்கு அப்பால் தலகோனா காட்டில் ஒரு மரவீட்டை ஹேமநாத் புக் செய்தான். பைக்கில் போனார்கள். மரத்தரை, ஒரே ஒரு ஜன்னல், அது நிறைய மலை. பையை வைத்துவிட்டு உட்கார்ந்ததும் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. பகலில் தூங்கிப் பழகியவன் தூங்கிவிட்டான். அவள் வெளியே போய் உட்கார்ந்தாள்.

மறுநாள் காலை அருவிக்கு நடந்தார்கள். பாறையும் வேருமாக ஏறும் பாதை. அருவியடியில் போட்டோ எடுத்ததும் அவனுக்கு உச்சிவரை போக ஆசை வந்தது.

“என்னால முடியல. நீங்க போய்ட்டு வாங்க. நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன்” என்றாள் கௌசிகா.

“தனியா இருப்பியா?”

“அதான் இவ்ளோ ஜனங்க இருக்காங்களே. போங்க.”

அவன் போனான். வழி பிரிகிற இடத்தில் தப்பாகத் திரும்பி, அலைந்து, வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தான். அருவியடியில் அவள் இல்லை. மற்றவர்களும் போய்விட்டிருந்தார்கள். அவளுடைய பை தண்ணீரோரம் கிழிந்து கிடந்தது. போனில் சிக்னல் இல்லை.

பெயர் சொல்லிக் கத்தினான். அருவிச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஓடையோடு இறங்கித் தேடும்போது வழுக்கி விழுந்து முழங்காலில் தோல் உரிந்தது. யாரிடமாவது விசாரித்தால் என்ன துணி போட்டிருந்தாள் என்று கேட்பார்களே என்று யோசித்தான். நினைவு வரவில்லை. போனை எடுத்துக் காலையில் எடுத்த போட்டோவைப் பார்த்தான். பச்சை சுடிதார். அதன்பிறகு பயம் இன்னும் கூடியது.

மரவீட்டுக்கு ஓடி வந்தபோது அவள் படியில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இங்கியா கீற? சொல்லாம கொள்ளாம வந்துட்டியே!”

“யார்கிட்ட சொல்றது? கொரங்கு வந்து பையப் புடுங்கிச்சு. பயந்து போய்ட்டேன். புத்தூர்க்காரங்க ஒரு குடும்பம் கீழ எறங்குனாங்க, கூட வந்துட்டேன்.”

“மேல ஒருத்தன் போயிருக்கானேன்னு நெனப்பு வேணாம்?”

கௌசிகா தட்டைக் கீழே வைத்தாள். “கீழ ஒருத்தி குந்தியிருக்காளேன்னு உனுக்கு இருந்துச்சா? எவ்ளோ நேரம் பாத்துக்கினு இருப்பேன்? ஊட்லயும் அதான், இங்கியும் அதானா?”

அதுவரை அவனை அவள் ‘நீங்க’ என்றுதான் சொல்லியிருந்தாள். இப்போது ‘உனுக்கு’ என்றதை இருவருமே கவனித்தார்கள். சண்டை வளர்ந்தது. அவன் அம்மா பேசியது, அவள் தங்கை கல்யாணத்தில் அவன் தூங்கியது எல்லாம் வந்தது. டீ கொண்டுவந்த வாட்ச்மேன் முனிகிருஷ்ணன், அப்புறம் வருவதாகத் தெலுங்கில் சொல்லிவிட்டு டீயோடு திரும்பிப் போனார். கடைசியில் அவள் அழுதாள். அழுது முடித்துவிட்டு அவன் முழங்காலைக் கழுவிவிட்டாள், கொஞ்சம் அழுத்தியே.

மறுநாள் இருவரும் உச்சிக்கு ஏறினார்கள். அவள் முன்னால் நடந்தாள். அவள் நின்ற இடத்திலெல்லாம் அவனும் நின்றான். மேலே பெரிதாக ஒன்றுமில்லை. பாறை, தண்ணீர், தூரத்தில் இன்னொரு மலை. வேர்க்கடலை தின்றுவிட்டு இறங்கினார்கள்.

ஊர் திரும்பியதும் ஹேமநாத் ஷிஃப்ட் மாற்றித் தரக் கேட்டான். பார்க்கலாம் என்றார்கள். இன்னும் மாற்றவில்லை. கௌசிகா பஸ் ஏறியதும் அவனுக்குப் போன் செய்கிறாள். கம்பெனி கேட் வரும்வரை பேசுகிறார்கள். அவன் தூங்கத் தாமதமாகிறது.