வெண்டலுக்கு ஈடாக வந்த இயந்திரம்

வெண்டல் டிராக்ஸ்லர் இடது கைக்காரன். பேஸ்பாலில் இடது கையால் பந்து வீசுகிறவனை யாரும் சட்டென்று வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டார்கள். அதற்காக வெண்டலை யாரும் ரொம்ப நாள் வைத்துக்கொண்டதும் இல்லை. ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பாக்கியம் அவனுக்கு வாய்த்ததே கிடையாது. முதலில் வீசுகிறவன் சொதப்பி, எதிரணி ஆட்கள் ஓட்டம் எடுக்கத் தயாராக நிற்கும்போதுதான் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் வெண்டலை எழுப்பிவிடுவார்கள். காரியம் முடிந்தால் முதுகில் ஒரு தட்டு. முடியாவிட்டால் அடுத்த ஊருக்குப் பஸ்.

பெரிய லீகில் ஒரே ஒரு செப்டம்பர் மாதம் இருந்திருக்கிறான். மற்றபடி டெக்சாஸ், ஒஹையோ, இடாஹோ மாநிலங்களில் அவன் போகாத சின்ன ஊர் இல்லை. தோள்பட்டை கறகறக்கத் தொடங்கிய வயதில் அயோவா மாநிலத்தின் கெல்பர்ன் அணிக்கு வந்து சேர்ந்திருந்தான்.

ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமை. மார்ட்ஸ்வில் ஊருக்கே போய் அந்த அணியோடு அடுத்தடுத்து இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டம் முடிந்து வெண்டல் ஹாட் டாக் தின்றுகொண்டிருந்தபோது மானேஜர் கஸ் பில்லிங்ஸ்லி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெண்டல், உன்னை வேற டீமுக்கு மாத்திவிட்டாச்சுப்பா."

"எந்த ஊருக்கு?"

கஸ் எதிர்ப்பக்க பெஞ்சைக் காட்டினார். "நடந்தே போயிடலாம்."

வெண்டலுக்கு இதெல்லாம் பழக்கம்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். "பதிலுக்கு யாரைத் தர்றாங்க?"

கஸ் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தை ஆராய்ந்தார். "ஆள்னு சொல்ல முடியாது. பந்து வீசுற மெஷின். பயிற்சிக்கு வேணும்னு பசங்க ரொம்ப நாளா கேட்டுட்டிருந்தாங்க."

"புதுசா?" என்றான் வெண்டல்.

"பழசுதான். ஒரு சக்கரம் லேசா ஆடும்."

"அப்ப சரியாத்தான் பேசி முடிச்சிருக்கீங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். எதிரே இரண்டு பேர் அந்த இயந்திரத்தைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டி வந்தார்கள். மைதானத்தின் நடுவில் இரண்டும் சந்தித்துக்கொண்டன. கூட்டம் கைதட்டியது. யாருக்கு என்று தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வெண்டல் தொப்பியை உயர்த்தினான்.

அவன் மனைவி லொரெட்டா வேலியோரம் இறங்கி வந்திருந்தாள். கெல்பர்ன் பெயர் போட்ட சிவப்புப் பனியன் அணிந்திருந்தாள். "உன்னை இதுக்கா குடுத்தாங்க?"

"ஆமா."

லொரெட்டா இயந்திரத்தை மேலும் கீழும் பார்த்தாள். "இது குறட்டை விடுமா?"

"விடாதுன்னு நினைக்கிறேன்."

"அப்ப கெல்பர்ன்காரங்களுக்குத்தான் லாபம்." சொல்லிவிட்டு நேராகக் கழிப்பறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது பனியனை உள்வெளியாகத் திருப்பிப் போட்டிருந்தாள்.

இரண்டாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம். மார்ட்ஸ்வில் ஒரே ஒரு ஓட்டம் முன்னிலை. இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் வெற்றி. ஆனால் கெல்பர்ன்காரர்கள் இரண்டு பேர் ஓடிவரத் தயாராக நின்றார்கள். மார்ட்ஸ்வில் மானேஜர் வெண்டலைக் கைகாட்டினார். மட்டையோடு வந்து நின்றவன் ஓட்டிஸ் குபாசெக். அன்று காலைவரை பஸ்ஸில் வெண்டலுக்குப் பக்கத்து சீட்டுக்காரன்.

கெல்பர்ன் பெஞ்சிலிருந்து குரல்கள் கிளம்பின.

"டேய் வெண்டல், மெஷின் உன்னைவிட நேரா போடுதுடா."

"பாவம்டா அது, வந்ததுலேர்ந்து ஒரு வாய் சாப்பிடல."

ஓட்டிஸுக்கு ஒரு ரகசியம் தெரியும். வளைந்து விழும் பந்தை வீசுவதற்கு முன்னால் வெண்டலின் நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும். அதை அவனுக்குச் சொன்னதே ஓட்டிஸ்தான். எவ்வளவோ முயன்றும் வெண்டலால் அதை நிறுத்த முடியவில்லை.

முதல் பந்து. நாக்கு வந்தது, பந்து வளைந்தது, ஓட்டிஸ் ஓங்கி அறைந்தான். மயிரிழையில் கோட்டுக்கு வெளியே போய் விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. கோட்டுக்கு வெளியே போனால் அதுவும் தவறவிட்ட கணக்குத்தான்; இன்னொன்றைத் தவறவிட்டால் ஓட்டிஸ் அவுட். அவனோ சிரித்துக்கொண்டு நின்றான்.

வெண்டலுக்கு ஒரு யோசனை வந்தது. எல்லோருக்கும் தெரியும்படி நாக்கை நன்றாக நீட்டினான். நீட்டியபடியே வேகப் பந்தை வீசினான். வேகப் பந்து என்பது மரியாதைக்குச் சொல்வது. ஆனால் வளையவில்லை. வளைந்து விழும் என்று காத்திருந்த ஓட்டிஸின் மார்புக்கு நேரே போய், பின்னால் பந்து பிடிக்கிறவனின் கையுறைக்குள் உட்கார்ந்தது. நடுவர் அவுட் என்று கையை உயர்த்தினார்.

"நாக்கைக் காட்டி ஏமாத்திட்டியேடா" என்றான் ஓட்டிஸ்.

"என் நாக்குடா அது. நான் எப்படி வேணா நீட்டுவேன்."

வெண்டல் துள்ளிக்கொண்டு ஓடிப்போய் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். யாரும் தட்டிக்கொடுக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் சிவப்பு உடை. பழக்க தோஷத்தில் கெல்பர்ன் பெஞ்சுக்கே வந்திருந்தான். கஸ் ஒரு கோப்பைத் தண்ணீரை நீட்டினார்.

"குடிச்சிட்டுப் போ. உங்க ஆளுங்க அங்க தேடுறாங்க."

ஆகஸ்ட் தொடக்கத்தில் அந்த இயந்திரம் ஓட்டிஸின் விலாவில் ஒரு பந்தை இறக்கியது. அடுத்த நாளே கஸ் மார்ட்ஸ்விலுக்குப் போன் செய்து, மெஷினைத் திருப்பித் தருகிறேன், வெண்டலைக் கொடுங்கள் என்று கேட்டார். மார்ட்ஸ்வில் மறுத்துவிட்டது. வெண்டலைத் தர முடியாது என்று ஓர் அணி சொன்னது அதுதான் முதல் தடவை. அந்தச் செய்தியை அவன் லொரெட்டாவிடம் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தான்.

அந்த வாரக் கடைசியில் லொரெட்டா மார்ட்ஸ்வில் வாடகை வீட்டு ஜன்னல்களுக்குத் திரைச்சீலை வாங்கி வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து எந்த ஊரிலும் அவள் திரைச்சீலை வாங்கியதில்லை.

வெண்டல் நாற்காலி மேல் ஏறி மாட்டிப் பார்த்தான். துணி இரண்டு பக்கமும் தாராளமாகத் தொங்கியது. "அளவு பாக்காம வாங்கிட்டியா? ரொம்ப அகலமா இருக்கே."

"பாத்துத்தான் வாங்கினேன்" என்றாள் லொரெட்டா. "அடுத்த ஊர்ல ஜன்னல் எப்படி இருக்குமோ, யாரு கண்டா."