எழுபத்து மூன்றாம் நபர்

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, நீதிமன்ற உத்தரவுப்படி, தலையணைக்காரியின் இடது கன்னத்தில் பிறந்ததிலிருந்து இருந்த மூன்று நீலத் துளி மச்சம் இறங்கி, மேசைமேல் வைத்திருந்த காக்கி உறைக்குள் போனது. நீதிமன்ற ஊழியர் உறையை ஒட்டி, தேதி போட்டு, அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வலித்ததா என்று கேட்டார். இல்லை என்றாள். மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை என்பதைத் தவிர அன்று குறிப்பிடும்படி வேறொன்றும் நடக்கவில்லை.

மச்சம் கன்னத்தோடு நின்றிருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். மேலே ஒரு துளி, கீழே இரண்டு. பெரிய சோப்புக் கம்பெனி ஒன்றின் சின்னமும் அச்சு அசல் அதுதான் என்பது கல்யாணத்தின்போது யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமான புதிதில் புருஷன், "இதுதான் நம்ம கடைக்கு அடையாளம்" என்று சொல்லி, தான் விற்கும் தலையணைகளின் ஓரத்தில் நீல நூலால் அதையே தைக்க ஆரம்பித்தார். ஆசையாகத்தான் செய்தார், அதில் சந்தேகமே வேண்டாம். இருபத்திரண்டு வருஷம் தைத்தார்கள். அந்தத் தலையணையில் படுத்தவர்கள் காலையில் கன்னத்தில் மூன்று நீலத் துளியோடு எழுந்தார்கள். பத்து மணிவாக்கில் அது மறைந்துவிடும். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், பஸ் கண்டக்டர்கள், பல் டாக்டர் எல்லோரும் அப்படியே வேலைக்குப் போனார்கள், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சோப்புக் கம்பெனியின் மேலாளர் ஒரு விடுதியில் தங்கி, காலையில் கண்ணாடியில் முகம் பார்த்த பிறகுதான் நோட்டீஸ் வந்தது.

புருஷன் சிரித்தார். "சோப்பு வேற, தலையணை வேற. சோப்பு மேல தலை வெச்சு யாராவது தூங்குவாங்களா?" என்று வக்கீலிடம் கேட்டார். வக்கீல் சிரிக்கவில்லை. "சாதாரணச் சின்னம்னா நீங்க சொல்றது சரி. இது ஊருக்கே தெரிஞ்ச சின்னம். நீங்க எந்தப் பொருள்ல போட்டாலும் அவங்க கேக்கலாம். ஆளாளுக்குப் போட்டுக்கிட்டா அதோட மதிப்பு கரைஞ்சிடும்னு சட்டம் சொல்லுது" என்றார். பிறவி மச்சம் என்று வாதாடிப் பார்த்தார்கள். சின்னத்துக்கு அறுபத்திரண்டு வயது, மச்சத்துக்கு நாற்பத்தெட்டு, ஆகவே சின்னமே மூத்தது என்று நீதிபதி எழுதிக்கொண்டார்.

கடைசியில் வழக்கு ஒரு கணக்கெடுப்பில் வந்து நின்றது. கம்பெனி ஆட்கள் மச்சத்தை மட்டும் படமெடுத்து, அட்டையில் ஒட்டி, தெருவில் போகிற நூறு பேரை நிறுத்தி, பார்த்ததும் என்ன ஞாபகம் வருகிறது என்று கேட்டார்கள். பதில்களை நீதிமன்றத்தில் வரிசையாக வாசித்தார்கள். அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து, மடியில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோப்பு, சோப்பு, குளியலறை, சோப்பு. "எழுபத்து மூன்றாம் நபர். தலையணை வியாபாரி. வயது ஐம்பத்திரண்டு. பதில், சோப்பு." அந்த ஊரில் தலையணை வியாபாரி ஒருவர்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நிஜமாவே தெரியலையா?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"கையில நூல்கண்டு, பஸ் வேற வந்துட்டிருந்துது. அவசரத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேம்மா. தினமும் அதைப் போட்டுத்தானே குளிக்கிறோம்."

அவளுக்கு மனசு விட்டுப்போயிற்று. அழுகைகூட வரவில்லை, வெகுநேரம் மடக்கி வைத்திருந்த கால் மாதிரி உள்ளே எல்லாம் மரத்திருந்தது. தைத்த சின்னங்களோடு அவற்றின் மூலத்தையும் நீக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தபோது, மேல்முறையீடு வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பஞ்சு லோடு வருவதாக இருந்ததால் புருஷன் கூடப் போகவில்லை. நாலரைக்கு அவள் கடைப்படி ஏறியதும், "வாங்க, என்ன வேணும்?" என்று கேட்டார். விளையாடுகிறாரோ என்று நின்றாள். அவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. "நான்தாங்க" என்றாள். அவர் மரியாதையாக முகத்தைப் பார்த்தார், காதைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். "யாருன்னு தெரியலீங்களே. என் வீட்டுக்காரி கோர்ட்டுக்குப் போயிருக்கா, வந்ததும் கேட்டுச் சொல்றேன்" என்றார். ஏழு மணிவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் போலீஸில் புகார் கொடுத்தார். அடையாளம் என்ற இடத்தில் மூன்று துளியைப் பற்றிச் சொன்னபோது, கம்பெனியின் அனுமதி இல்லாமல் அதை எழுத முடியாது என்று ஏட்டு அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

தையல் குவிந்து கிடந்தது. மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தவளிடம், "தைக்கத் தெரியுமாம்மா?" என்று கேட்டார். தெரியும் என்று உட்கார்ந்தாள். பின்கட்டு அறையில் பாய் விரித்துக்கொள்ளச் சொன்னார். புது ஆள் பழைய ஆள் மாதிரியே தைக்கிறாள் என்று எதிர்க்கடைக்காரி பாராட்டினாள். தலையணைகள் ஓரத்தில் எதுவும் இல்லாமல் விற்றன; வாங்கியவர்கள் வெறும் கன்னத்தோடு எழுந்தார்கள். இப்படி மூன்று வருஷம் போயிற்று.

ஒருநாள் ஊசியில் நூல் கோக்க அவள் சிரமப்படுவதைப் பார்த்து, அவர் பீரோவைத் திறந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார்.

"என் வீட்டுக்காரியோடது. உங்களுக்குச் சரியா இருக்கான்னு பாருங்க. அவ வந்தா கேப்பா, அதுவரைக்கும் போட்டுக்குங்க."

அவள் போட்டுப் பார்த்தாள்.

"சரியா இருக்குங்க" என்றாள்.